ரேம் வாங்கும் முன் அந்த வெட்டைப் பாருங்கள்

"தம்பி, மெமரி பத்தல போல. ஒரு எட்டு ஜிபி வாங்கிட்டேன், போட்டுக் குடுத்துடுறியா?"

எங்கள் தெருவில் டிடிபி கடை வைத்திருக்கும் அண்ணன் புது ரேமைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டார். முதலில் கணினியைப் பார்த்துவிடலாம் என்றேன்.

'மெமரி' என்ற சொல்லை நாம் இரண்டு பொருளுக்கும் சொல்கிறோம். போனில் படங்கள் நிரம்பினால் 'மெமரி ஃபுல்'. அது சேமிப்பகம். அங்கிருக்கும் ஃபிளாஷ் சில்லுகளில் எலெக்ட்ரான்களை மின்காப்புச் சுவருக்குள் அடைத்து வைக்கிறார்கள். மின்சாரமே இல்லாவிட்டாலும் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். கணினி மெதுவானால் 'மெமரி போடணும்' என்கிறோம். அது ரேம். திறந்து வைத்திருக்கும் வேலைகள் மட்டும் அங்கே இருக்கும், கரண்ட் போனால் எல்லாம் போய்விடும்.

ஏன் போகிறது என்பதில்தான் ரேமின் கதையே இருக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ராபர்ட் டென்னார்ட், ஒரு பிட்டைப் பிடித்து வைக்க ஒரே ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போதும் என்று கண்டார். 1968இல் காப்புரிமை கிடைத்தது. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஒரு பிட்டை வைக்க மிக எளிமையான வழி இது. அதனால்தான் 8 ஜிபி ரேமில் 6,800 கோடிக்கும் மேற்பட்ட பிட்டுகள் அடங்குகின்றன. ஆனால் இவை அத்தனையும் ஓட்டைக் குடங்கள். ஊற்றியது கசிந்துகொண்டே இருக்கும். டிடிஆர்4 என்ற தலைமுறை ரேமில் ஒவ்வொரு வரிசையையும் 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை படித்து, மறுபடி நிரப்பியாக வேண்டும். கணினி சும்மா கிடக்கும்போதும் இந்த நிரப்பல் நிற்பதில்லை. படித்தாலே குடம் காலியாகிவிடும் என்பதால், படித்த கையோடு திரும்ப ஊற்றவும் வேண்டும்.

கசியாத மெமரியும் உண்டு. அடிக்கடி தேவைப்படுவதைக் கைக்கருகில் வைத்துக்கொள்ள பிராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற சின்ன மெமரி அந்த வகை. அதில் ஒரு பிட்டுக்கு வழக்கமாக ஆறு டிரான்சிஸ்டர் தேவை. இடமும் விலையும் அதிகம். அதை நாம் கூட்டவும் முடியாது.

அண்ணனின் கணினியில், எது எவ்வளவு மெமரியும் டிஸ்க்கும் எடுக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பில் போடும் மென்பொருளும் பிரவுசரும் மட்டும் ஓடும்போது மெமரி 60 சதவீதம். ஒரு ஃபிளெக்ஸ் பேனர் டிசைனைத் திறந்ததும் 95ஐத் தாண்டியது, டிஸ்க் 100இல் போய் நின்றது. ரேமில் இடமில்லாமல் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்குக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரேம் பாதி காலியாக இருந்தும் டிஸ்க் மட்டும் 100இல் நின்றிருந்தால், ரேமை விட்டுவிட்டு எஸ்எஸ்டி வாங்கச் சொல்லியிருப்பேன். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் யாரும் காசைச் செலவழிக்கக் கூடாது. அண்ணனுக்கு உண்மையிலேயே ரேம்தான் தேவை.

ஆனால் வாங்கி வந்தது பொருந்தவில்லை. பழைய ரேமைக் கழற்றி இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். ஒரே நீளம், இரண்டிலும் 288 தங்க முனைகள். அந்த முனைகளுக்கு நடுவில் ஒரு சின்ன வெட்டு இருக்கும்; அது இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருந்தது. பழையது டிடிஆர்4, புதியது டிடிஆர்5. அண்ணன் திருப்பிப் பிடித்துப் பார்த்தார், அப்போதும் சேரவில்லை. சேரக்கூடாது என்றுதான் வெட்டையே நகர்த்தி வைத்திருக்கிறார்கள். டிடிஆர்4 1.2 வோல்ட்டில் ஓடும், டிடிஆர்5 1.1 வோல்ட்டில். டிடிஆர்5இல் மின்னழுத்தத்தைச் சீராக்கும் சில்லு ரேம் அட்டையிலேயே இருக்கிறது. முன்பு அந்த வேலை மதர்போர்டுடையது. அழுத்திச் செருகினால் ஸ்லாட்தான் உடையும்.

வெட்டு காப்பாற்றாத இடமும் ஒன்று உண்டு. பழைய லேப்டாப்களில் டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டும் ஒரே ஸ்லாட்டில் உட்காரும். முதலாவதற்கு 1.5 வோல்ட் வேண்டும், இரண்டாவதற்கு 1.35 போதும். 1.35 மட்டுமே கொடுக்கும் லேப்டாப்பில் டிடிஆர்3 போட்டால் பெரும்பாலும் ஓடாது. எல்பிடிடிஆர் என்ற, மின்சாரம் குறைவாக எடுக்கும் ரேம் என்றால் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், கூட்ட வழியில்லை.

வேகத்தில்தான் விளம்பரங்கள் நம்மை அதிகம் குழப்புகின்றன. டிடிஆர்3-1600 விநாடிக்கு 12.8 ஜிபி அனுப்பும், டிடிஆர்4-3200 25.6, டிடிஆர்5-6000 48. ஆனால் திறந்திருக்கும் வரிசையில் கேட்டதும் முதல் எழுத்து வர எவ்வளவு நேரம்? அட்டையில் சிஎல் என்று போட்டிருக்கும் எண், எத்தனை கடிகாரத் துடிப்பு காத்திருக்க வேண்டும் என்று சொல்லும்; வேகம் கூடினால் ஒவ்வொரு துடிப்பும் சிறுக்கும். 1600இல் சிஎல்11 என்றால் 13.75 நானோ விநாடி, 3200இல் சிஎல்16 என்றால் 10, 6000இல் சிஎல்36 என்றால் 12. இத்தனை தலைமுறை மாறியும் காத்திருப்பு ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. சில்லுக்குள்ளிருந்து தரவை எடுத்து வெளியே கொண்டுவரும் நேரத்தை இயற்பியல் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கவில்லை. எனவே டிசைன், பில் வேலைகளுக்கு அதிவேக ரேமுக்குக் கூடுதல் காசு கொடுப்பதைவிட, அதே காசில் அளவைக் கூட்டுவது மேல் என்பது என் கருத்து.

அண்ணனின் பழைய அட்டையில் ஒட்டியிருந்த லேபிளை போனில் படமெடுத்துக்கொண்டோம்: '8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2666வி'. பிசி4 என்றால் டிடிஆர்4. 2666 வேகம். நடுவில் இருப்பது, எட்டெட்டு பிட் கொடுக்கும் சில்லுகள் ஒரே அணியாக நிற்கின்றன என்று சொல்கிறது. எண்ணிப் பார்த்தோம், எட்டுக் கறுப்புச் சில்லுகள். சேர்ந்து 64 பிட்.

அந்தப் படத்தைக் காட்டி அண்ணன் கடையில் மாற்றிக்கொண்டு வந்தார். 3200 வேகம்தான் கிடைத்தது, பரவாயில்லை. இரண்டு அட்டையிலும் தன் வேகத்தைச் சொல்லும் குட்டிச் சில்லு ஒன்று உண்டு, மதர்போர்டு அதைப் படித்து இரண்டையும் மெதுவானதன் வேகத்துக்கு இறக்கிவிடும். அதைவிட முக்கியம், ஒற்றை அட்டை இரட்டையானதால் இப்போது பிராசசருக்குப் பாதையும் இரண்டு.

பவர் பட்டனை அணைத்து, வயரைப் பிடுங்கி, கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டுச் செருகினேன். இரண்டு முனையிலும் கிளிப் 'டக்' என்று விழுந்தது. ஆன் செய்தபின் திரை வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது, அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். புது அட்டையோடு எந்தக் கம்பியில் எந்த நொடியில் சிக்னல் வருகிறது என்று போர்டு அளந்து பழகும் நேரம் அது. டிடிஆர்5 என்றால் சில நிமிடம்கூட ஆகலாம், பயந்துபோய் அணைத்துவிடக் கூடாது. விண்டோஸ் வந்தது. 16 ஜிபி, வேகம் 2666. அண்ணன் அந்தப் பேனரை மறுபடி திறந்தார். மெமரி 55 சதவீதத்தில் நின்றது, ஹார்ட் டிஸ்க் சத்தம் போடவில்லை.