மஞ்சளைத் தேடினால் பெண் மாங்குயில் தப்பிவிடும்

மாங்குயில் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஆண் பறவைதான். பளீரென்ற மஞ்சள் உடம்பு, கறுப்பு இறக்கை, கண்ணைத் தாண்டிப் பின்னால்வரை போகும் கறுப்புக் கோடு, இளஞ்சிவப்பு அலகு. அதே மரத்தில் இரண்டு கிளை தள்ளி, இலையோடு இலையாக ஒரு பச்சைப் பறவை உட்கார்ந்திருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை, பார்த்தாலும் வேறு ஏதோ குருவி என்று விட்டுவிடுவார்கள். பாதி மாங்குயில்களை நாம் இப்படித்தான் தவறவிடுகிறோம்.

பெண் மாங்குயிலுக்கு முதுகு மஞ்சள் கலந்த பச்சை, இறக்கை பழுப்பு கலந்த மங்கல் நிறம். வயிற்றுப் பக்கம்தான் முக்கியம்: வெளுத்த நெஞ்சில் மெல்லிய பழுப்புக் கீற்றுகள் மேலிருந்து கீழாக ஓடும், வாலடியில் மட்டும் நல்ல மஞ்சள் இருக்கும். பறக்கும்போது முதுகின் கீழ்ப்பகுதியும் மஞ்சளாகத் தெரியும், இலைக்கூட்டத்துக்குள் நிறத்தைச் சரியாகப் பிடிக்க முடியாவிட்டாலும் அது கிளம்பி அடுத்த மரத்துக்கு ஏறி இறங்கி அலையலையாகப் பறக்கும் அந்த இரண்டு நொடியில் முடிவு செய்துவிடலாம். அளவு கிட்டத்தட்ட மைனா அளவு. பச்சையாக, மரக்கூட்டத்துக்குள்ளேயே திரியும் மாம்பழச்சிட்டு இதைவிட ரொம்பச் சின்னது.

இந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது? மஞ்சளுக்குக் காரணம் கரோட்டினாய்டு என்னும் நிறமி. பறவைகளால் அதை உடம்பிலேயே தயாரிக்க முடியாது, பழத்திலிருந்தும் புழுவிலிருந்தும்தான் பெற்றாக வேண்டும். பெண்ணின் இறகிலும் அந்த மஞ்சள் இருக்கிறது, ஆனால் கூடவே மெலனின் என்ற கருநிறமியும் சேர்வதால் நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. வயதான பெண் பறவைகள் சில, கீற்று குறைந்து மஞ்சள் கூடி, ஆணுக்கு நெருக்கமான தோற்றத்துக்கு வந்துவிடும். அதனால் கொஞ்சம் மங்கலான ஆண் என்று தோன்றினால் இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

உண்மையான சிக்கல் இளம் பறவைகளால்தான். முதல் வருடத்தில் ஆண் குஞ்சும் பெண்ணைப் போலவே பச்சையும் கீற்றுமாக இருக்கும், முழு மஞ்சள் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். இங்கே உதவுவது கண்ணும் அலகும். வளர்ந்த பறவைக்குக் கண் சிவப்பு, அலகு இளஞ்சிவப்பு. இளம் பறவைக்குக் கண் பழுப்பு, அலகு கருமை. கீற்று நெஞ்சு, சிவந்த கண், இளஞ்சிவப்பு அலகு மூன்றும் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் அது பெண்தான். அப்புறம், மாங்குயிலின் ஆங்கிலப் பெயரான ஓரியோல் என்று இணையத்தில் படம் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்க ஓரியோல்கள் வேறு குடும்பம், அந்தப் பெண் பறவைகளின் படத்தை வைத்துக்கொண்டு இங்கே அடையாளம் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

இதுவரை சொன்னது பொன்மஞ்சள் மாங்குயிலைப் பற்றி. இன்னொரு வகையான கருந்தலை மாங்குயிலில் ஆண், பெண் இரண்டுக்குமே தலை கறுப்பு, பெண்ணின் முதுகில் மட்டும் லேசான பச்சைச் சாயல். பிடரியில் கறுப்புப் பட்டை போட்ட மூன்றாவது வகையும் குளிர்காலத்தில் வரும், அதில் பெண்ணுக்குப் பட்டை குறுகலாக இருக்கும்.

பொன்மஞ்சள் மாங்குயில் கூடு கட்டும் விதம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கிளையின் நுனிப் பக்கம் இரண்டாகப் பிரியும் கவட்டையில், புல்லையும் மரப்பட்டை நாரையும் சிலந்தி நூலால் இழுத்துக் கட்டித் தூளி போலத் தொங்கவிடும். சில சமயம் கரிச்சான் கூடு இருக்கும் மரமாகப் பார்த்துக் கட்டும். காக்கையோ பருந்தோ அந்தப் பக்கம் வந்தால் கரிச்சான் விரட்டித் துரத்திவிடும், பக்கத்துக் கூட்டுக்கும் அது காவல் ஆகிவிடுகிறது. குஞ்சுகளை ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் வளர்க்கின்றன, என்றாலும் அடைகாப்பதில் பெரும்பங்கு பெண்ணுடையது. திறந்த கிளையில் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியவளுக்கு இலை நிறம் எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

இந்தக் கூட்டையும் அடைகாப்பதையும் தமிழ்நாட்டில் பார்க்கப் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. பொன்மஞ்சள் மாங்குயில் நமக்குக் குளிர்கால விருந்தாளி, ஏறக்குறைய செப்டம்பரில் வந்து மார்ச், ஏப்ரலில் கிளம்பிவிடும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அது கூடு கட்டுவது வட இந்தியாவிலும், இமயமலை அடிவாரத்திலும், பாகிஸ்தானிலும், அதையும் தாண்டி மத்திய ஆசியாவிலும். குஜராத்தில் காலில் வளையம் மாட்டிவிட்ட ஒரு பறவை 9 வருடத்துக்கு மேல் கழித்து தஜிகிஸ்தானில் கிடைத்திருக்கிறது. பகல் நீளுவதை உடம்பு உணர்ந்ததும் ஹார்மோன்கள் மாறி, பறவை நிறையத் தின்று கொழுப்பைச் சேர்க்கும், அந்தக் கொழுப்புதான் வழியில் எரிபொருள். வடக்கே கோடையில் பகல் நீளம், புழு பூச்சி ஏராளம், குஞ்சுகளுக்கு ஊட்ட அதிக நேரம் கிடைக்கும். ஆனால் கருந்தலை மாங்குயில் வருடம் முழுக்க இங்கேயேதான் இருக்கிறது. ஜனவரியில் ஒரே ஆலமரத்தில் இரண்டும் பழம் தின்பதைப் பார்க்கலாம், ஜூனில் அதே மரத்தில் பெரும்பாலும் கருந்தலை மட்டும்தான்.

பெண்ணைத் தேட நல்ல இடம் பழுத்த ஆல், அத்தி மரங்கள். பிப்ரவரி, மார்ச்சில் இலவும் கல்யாண முருங்கையும் பூத்திருந்தால் தேனுக்கு வரும். உண்ணிப் பழத்தையும் விரும்பித் தின்னும், அந்தக் களைச்செடி பரவுவதில் இதற்கும் பங்கு உண்டு என்பது வருத்தமான உண்மை. பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்டு செயலியில் பதிவிடுகிறவர்கள் வெறும் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் ஆணா பெண்ணா என்றும் குறியுங்கள், வயது சந்தேகமாக இருந்தால் கண் நிறத்தையும் அலகு நிறத்தையும் குறிப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.