கச்சான் காத்தில ஒரு வேப்பமரம் என்ன வேலை செய்யுது?

காலையில ஒரு ஒம்பது மணி போல உங்கட வளவில நிக்கிற வேம்பிலயோ பூவரசிலயோ வெயில் படுற சின்னக் கொப்பு ஒண்டைப் பிடிச்சு, இலையெல்லாம் உள்ள போற மாதிரி ஒரு பொலித்தீன் பையை மாட்டி வாயை நூலால இறுக்கிக் கட்டி விடுங்க. பகல் சாப்பாடு முடிச்சிட்டுப் போய்ப் பாத்தா பைக்குள்ள முத்து முத்தா தண்ணி பிடிச்சிருக்கும், அடியில கொஞ்சம் தேங்கியும் நிக்கும். மழையும் இல்ல, ஆரும் ஊத்தவும் இல்ல, அவ்வளவும் வேர் மண்ணுக்குள்ள இருந்து இழுத்து இலையால வெளிய விட்ட தண்ணி. நான் ஏ.எல். படிக்கக்குள்ள முதல் முதல் செஞ்சு பாத்தது, இப்பயும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுவன். (பாத்து முடிஞ்ச உடனே பையைக் கழட்டிருங்க, இல்லாட்டி இலை அவிஞ்சு போகும்.)

நம்மட மட்டக்களப்பு டவுன் ஏன் இப்பிடிக் கொதிக்குது, மரம் நட்டா எப்பிடிக் குளிரும் எண்டு கேக்கிற எல்லாருக்கும் பதில் அந்தப் பைக்குள்ளதான் இருக்கு.

இலையில, கூடுதலா அதிண்ட கீழ்ப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் இருக்கு. மரம் சாப்பாடு செய்யிறதுக்குக் காபனீரொட்சைட் உள்ள வரணும், அதுக்காக அந்தத் துளையைத் திறக்குது, திறந்தா உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி வெளிய போகுது. வேர் எடுக்கிற தண்ணி நூறு பங்கெண்டா அதில தொண்ணூத்தஞ்சுக்கு மேல இப்பிடித்தான் போகும், மரம் தனக்கெண்டு வச்சுக்கொள்றது மிச்சம் கொஞ்சந்தான். பாத்தா வீண் போல இருக்கும், ஆனா ஒரு லீற்றர் தண்ணி ஆவியாகிறதுக்கு வேண்டிய வெப்பத்தை நம்மட கரண்ட் பில் கணக்கில சொன்னா கிட்டத்தட்ட 0.68 யூனிற். நல்லா வளந்த பெரிய மரம் ஒண்டு, மண்ணில ஈரம் இருந்தா, ஒரு நாளைக்கு நூறு லீற்றருக்கு மேலயும் ஆவியாக்கும். நூறு லீற்றரெண்டே வைங்க, 68 யூனிற் வெப்பம் சுத்தியிருக்கிற இடத்தில இருந்து கழண்டு போகுது. 12,000 பி.ரி.யூ. ஏசி ஒண்டு முழு வேகத்தில ஓடினா மணிக்கு 3.5 யூனிற் வெப்பத்தைத்தான் அறையால வெளிய தள்ளும், அப்ப அது பத்தொம்பது மணித்தியாலம் ஓடணும் இந்த ஒரு மரத்திண்ட ஒரு நாள் வேலைக்கு. அதிலயும் ஏசி உள்ளுக்க எடுத்த சூட்டோட தான் தின்ற கரண்டையும் சேத்து அடுத்த வீட்டு யன்னல் பக்கம் ஊதுது, மரம் சூட்டை நீராவிக்குள்ள ஒளிச்சு மேல அனுப்பிருது.

ஆனா இது எல்லா நாளும் ஒரே மாதிரி நடக்காது. மாரி காலத்தில வாடைக்காத்து ஈரத்தோட வரும், துவைச்ச சாரனே ரெண்டு நாளா காயாது, அப்ப இலையில இருந்தும் பெரிசா ஆவி போகாது. கச்சான் அடிக்கக்குள்ள கதை வேற. தென்மேற்கில இருந்து வாற காத்து மலைநாட்டில மழையைக் கொட்டிப்போட்டு, இந்தப் பக்கம் இறங்கி வரக்குள்ள அமுங்கிச் சூடாகி, காஞ்ச காத்தா நம்மட மேல விழுது. அந்தக் காத்துக்கு ஈரத்தாகம் கூட, அதால மரத்திண்ட குளிராக்குற வேலை உச்சத்துக்குப் போகக்கூடிய நேரமும் அதுதான், மண்ணுக்குள்ள தண்ணி இருந்தா மட்டும். தண்ணி இல்லாட்டி மரம் தன்னைக் காப்பாத்த இலைத்துளையை மூடிரும். அப்ப அது நிழல் குடுக்கும், ஏசி வேலை நிண்டு போகும்.

நிழலும் சும்மா விசயம் இல்ல. மத்தியானம் வெயில் ஒரு சதுர மீற்றருக்கு ஆயிரம் வாற்று அளவில விழுது, அடர்ந்த மரம் அதில பெரும்பங்கை மேலயே பிடிச்சிரும். மரத்துக்குக் கீழ வெப்பமானியைத் தூக்கிப் பாத்தா காத்துச் சூடு ஒண்டு ரெண்டு பாகைதான் குறைஞ்சிருக்கும், அதைப் பாத்துட்டு "இவ்வளவுதானா" எண்டு சொல்ற ஆக்கள் இருக்காங்க. மனிசன்ட உடம்புக்குத் தெரியிறது காத்துச் சூடு மட்டும் இல்லையே, மேல இருந்து வெயில், கீழ இருந்து தார் ரோட்டுச் சூடு, பக்கத்தால மதில் சூடு எல்லாம் சேந்துதான் தெரியும். தார் ரோட்டு மேற்பரப்பு நல்ல வெயிலுக்கு 60 பாகைக்குப் போகும். கல்லடிப் பாலத்தில ரெண்டு மணி வெயிலுக்கு சைக்கிளில வந்து, கோட்டமுனைப் பக்கம் ஒரு தூங்குமூஞ்சி வாகைக்குக் கீழ நிண்டு மூச்சு விட்ட ஆளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்ல.

ராவுக்கு எட்டு ஒம்பது மணிக்கு உங்கட முன் மதிலில உள்ளங்கையை வச்சுப் பாருங்க, வெயில் போய் ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல ஆகியும் சுடும். கல்லும் சீமெந்தும் தாரும் பகல் முழுக்கச் சூட்டைக் குடிச்சுப்போட்டு ராவில ஆறுதலா விடுது. லண்டன்ல லூக் ஹோவர்ட் எண்ட மனிசன், முகில்களுக்குப் பேர் வச்ச அவர்தான், நகரத்துக்கு உள்ளயும் வெளியயும் வெப்பத்தை வருசக்கணக்கா அளந்து, நகரம் வெளிப்பக்கத்தை விடச் சூடு, அதுவும் ராவிலதான் அந்த வித்தியாசம் கூடுதல் எண்டு 1818லயே எழுதிட்டார். நம்மட டவுனிண்ட நடுப்பகுதி புளியந்தீவு, அதைச் சுத்தி வாவி இருந்தும் உள்ளுக்க ராவெல்லாம் புழுங்குறதுக்கு ஒரு காரணம் இதுதான், மதிலும் மாடியும் காத்தையும் மறைக்குது. வாகையில எனக்கு ஆசை கூடினதும் இந்த ராக்கதையாலதான், பின்னேரம் ஆனா அது இலையை மடிச்சிரும், பகல் குடை மாதிரி நிண்டது ராவில திறந்து விடுது, நிலத்துச் சூடு வானத்துக்குப் போக வழி கிடைக்கும். சிங்கப்பூர் நம்மளை மாதிரியே புழுங்குற ஊர், அங்க 1963ல லீ குவான் யூ மரம் நடுற இயக்கத்தைத் தொடங்கி வச்சார், இண்டைக்கு அங்க ரோட்டோரம் விரிஞ்சு நிக்கிற பெரிய மரங்கள்ல இந்த வாகையும் ஒண்டு.

இனி நான் உண்மையிலயே சொல்ல வந்த விசயத்துக்கு வாறன், அது மண். எங்கட ஒழுங்கையில ரெண்டு வேம்பு நிண்டது, எங்கட அம்மம்மா சொல்லுவா, 78ஆம் ஆண்டு நவம்பர் சூறாவளிக்கு சுத்தி இருந்த தென்னையெல்லாம் விழக்குள்ளயும் அது ரெண்டும் நிண்டு பிடிச்சது எண்டு. கொஞ்ச வருசத்துக்கு முதல் ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்டாங்க, வேலை செய்ய வந்தவங்க நல்ல வடிவா மரத்தடி வரைக்கும் ஒட்டி இழுத்து விட்டாங்க, ஒரு விரல் போக இடமில்ல. எங்களுக்கும் அப்ப சேறு இல்லாமப் போகுதே எண்டு சந்தோசம். முதல் வருசம் ஒண்டும் தெரியல்ல. ரெண்டாம் வருசம் கச்சானுக்கு ஒரு மரத்திண்ட உச்சிக் கொப்பு காஞ்சது, பிறகு இலை சிறுத்து மஞ்சளாகி, மூண்டாம் வருசம் அறுத்து எடுக்க வேண்டி வந்திட்டு. பூச்சி எண்டாங்க, வயசு எண்டாங்க. வேருக்கு மூச்சு போயிட்டு எண்டு ஆரும் சொல்லல்ல.

வேரும் சுவாசிக்குது, அதுக்கு ஒட்சிசன் வேணும். பெரிய மரத்திண்ட வேர் ஆழத்துக்குப் போற ஆணிவேர் எண்டுதான் நாங்க நினைக்கிறம், உண்மையில பெரும்பாலான வேர் மேல் ஒரு மீற்றருக்குள்ளதான், ஆனா கொப்பு விரிஞ்ச அளவையும் தாண்டி ரெண்டு மூண்டு மடங்கு தூரத்துக்குப் பரவும். அதுக்கு மேல வாகனம் ஓடி மண் இறுகினா காத்து போற இடைவெளி அடைஞ்சிரும், சீமெந்தால மூடினா தண்ணியும் போகாது. நல்லா வளந்த மரம் ஒண்டுக்கு 30 கன மீற்றர் அளவுக்கு இறுகாத மண் வேணும் எண்டு நகர மரங்களைப் பாக்கிற ஆக்கள் கணக்குச் சொல்றாங்க, நம்ம சடங்குக்கு நடுற கண்டுக்கு வெட்டுற கிடங்கு ஒரு வாளியளவு. ஸ்டொக்ஹோம் நகரத்தில இதை விளங்கிக்கொண்டு நடைபாதைக்குக் கீழ பெரிய சல்லிக்கல்லைப் போட்டு இடைவெளியில மண்ணை நிரப்பி விடுறாங்க, கல்லு வாகனப் பாரத்தைத் தாங்கும், வேர் இடுக்கில ஓடும், மழைத்தண்ணியும் காத்தும் உள்ள போக வழி விட்டிருக்காங்க.

நம்மட மண்ணு கடற்கரை மணல், மழை விழுந்தா உறிஞ்சிரும், கிணத்துத் தண்ணியும் கிட்டத்தில இருக்கு, இது பெரிய வரம். வருசத்து மழையில பெரும்பங்கு ஒக்டோபர் கடைசியில இருந்து ஜனவரி வரைக்கும் கொட்டுது. 10 பேர்ச் வளவு ஒண்டில 50 மில்லிமீற்றர் மழை பெஞ்சா 12,600 லீற்றர் தண்ணி, மணலெண்டா அது கீழ இறங்கி அடுத்த கச்சானுக்கு வேம்பு குடிக்கும். இன்டர்லொக் கல்லும் சீமெந்தும் போட்ட வளவெண்டா வாசலால ஓடி ரோட்டை மூடி வாவிக்குப் போயிரும். மாரியில வெள்ளம், கோடையில வெக்கை எண்டு நாம ரெண்டு தரம் அழுறது ஒரே தண்ணிக்காக.

நெதர்லாந்துக்காரர் சிசில் கொனைனன்டைக் 2021ல 3-30-300 எண்டொரு அளவு சொன்னார், வீட்டில இருந்து பாத்தா மூண்டு மரம் தெரியணும், அந்தப் பகுதியில 30 வீதம் மரக்கூரை (மேல இருந்து பாத்தா மரத்திண்ட கொப்பும் இலையும் மூடுற பரப்பு) இருக்கணும், 300 மீற்றருக்குள்ள பூங்கா ஒண்டு இருக்கணும். காந்தி பூங்காவுக்குப் பக்கத்தில இருக்கிற ஆக்களுக்கு மூண்டாவது கிடைக்கும், உள்ளுக்க இருக்கிற ஒழுங்கைகளுக்கு முதலாவதே கஸ்ரம். நடுறதெண்டா வேம்பு, பூவரசு, புன்னை, நாவல் எல்லாம் நம்மட மணலுக்கும் காத்துக்கும் பழகினது, கார்த்திகை மழையோட நட்டா வேர் இறங்க ஆறேழு மாதம் கிடைக்கும், அதை விட்டுட்டு ஜூன் மாதம் நட்டு போட்டோ எடுக்கிறது அந்தக் கண்டுக்குச் செய்யிற கொடுமை.

ஒழுங்கையில மிஞ்சின மற்ற வேம்பும் உச்சி காய வெளிக்கிட்டது. போன செப்டெம்பரில நாங்க நாலு வீட்டுக்காரர் சேந்து, கேக்க வேண்டிய இடத்தில கேட்டு எழுத்தில வாங்கிக்கொண்டு, அலவாங்கால அடியைச் சுத்தி ஒரு மீற்றர் கொங்கிறீட்டை உடைச்சு எடுத்தம், கீழ மண் கல்லு மாதிரி இறுகிக் கிடந்தது, வேர் அறுபடாம பாத்துப் பாத்துக் கிளறி, சருகும் எருவும் போட்டம். முதல் மழைக்கு அந்த வட்டத்துக்குள்ள தண்ணி அரை மணித்தியாலம் தேங்கி நிண்டுதான் இறங்கினது. தைப்பொங்கலுக்குப் பிறகு பெஞ்ச மழையை நான் குடையோட நிண்டு பாத்தன், விழ விழ இறங்கிச்சு, காஞ்ச கொப்புக்குக் கீழ செந்தளிர் விட்டிருந்தது.