நீலம் ஏன் கத்தரிப்பூ நிறமாக வந்தது?

சில வருடங்களுக்கு முன்பு ஒரு கையேட்டுக்கு நானே அட்டை வடிவமைத்தேன். திரையில் பார்த்தால் கண்ணைப் பறிக்கும் நீலம். அச்சாகி வந்த கட்டைப் பிரித்தால் உள்ளே கத்தரிப்பூ நிறம். அச்சகத்தில்தான் ஏதோ சொதப்பிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போனேன். மெஷின் ஓட்டுபவர் பதில் பேசவில்லை. ஒரு உருப்பெருக்கியை எடுத்து அட்டைமேல் வைத்து, "பாருங்க" என்றார்.

குனிந்து பார்த்தேன். அங்கே நீல மை என்று ஒன்றே இல்லை. சயான் (பச்சை கலந்த வெளிர்நீலம்) புள்ளிகள், அவற்றின்மேல் நெருக்கமாக மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) புள்ளிகள், சந்து பொந்துகளில் கொஞ்சம் வெள்ளைக் காகிதம். அவ்வளவுதான்.

திரை தானே ஒளியை உமிழ்கிறது. காகிதத்துக்கு அந்த வசதி கிடையாது. அறையில் இருக்கும் வெளிச்சம் மையின் வழியாக உள்ளே போய், காகிதத்தில் பட்டு, மறுபடி மையின் வழியாகவே நம் கண்ணுக்குத் திரும்புகிறது. அச்சு மை பெயின்ட் மாதிரி மூடி மறைப்பதில்லை. வண்ணக் கண்ணாடி மாதிரி ஊடுருவ விடுவது. சயான் சிவப்பு ஒளியை விழுங்கும், மெஜந்தா பச்சையை, மஞ்சள் நீலத்தை. ஆகவே நீலம் வேண்டுமென்றால் சயானையும் மெஜந்தாவையும் சேர்த்துப் போட்டு, சிவப்பையும் பச்சையையும் கழித்துவிட வேண்டும்.

கணக்கு சரிதான், மைதான் அவ்வளவு சுத்தமில்லை. மெஜந்தா, தான் விட்டுவிட வேண்டிய நீல ஒளியிலும் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது மங்கல். மெஜந்தா கொஞ்சம் தூக்கலாக விழுந்தால் கத்தரிப்பூ. சயானைவிட மெஜந்தாவை 30 சதவீதமாவது குறைத்து வைத்திருந்தால் தப்பித்திருக்கலாம். தவறு என்னுடையது.

இந்தப் பயணத்தில் விளக்கு வேலை பார்ப்பது காகிதம். மையைக் கடந்து நம் கண்ணுக்கு வரும் வெளிச்சமெல்லாம் அது திருப்பி அனுப்புவதுதான். அதனால் காகிதத்தை மாற்றினால் நிறமும் மாறும்.

பூச்சில்லாத சாதாரணக் காகிதத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் வைக்கோல் போர் போலிருக்கும். மை அந்த நார்களுக்குள் இறங்கிப் பரவுகிறது. கோப்பில் பரப்பின் 50 சதவீதத்தை மூடும்படி கொடுத்த புள்ளிகள், காகிதத்தில் 70ஐ நெருங்கிவிடலாம். படம் இருண்டு, முகங்கள் அழுக்கடைந்த மாதிரி வரும். இதில் ஒரு பங்கு மையின் வேலை, ஒரு பங்கு ஒளியின் வேலை. புள்ளிக்குப் பக்கத்து வெள்ளையில் நுழையும் ஒளி காகிதத்துக்குள் சிதறி, புள்ளிக்கு அடியிலிருந்து வெளியே வருகிறது. அதனால் புள்ளியைச் சுற்றி ஒரு நிழல் விழுகிறது. மை கொஞ்சம்கூடப் பரவாவிட்டாலும் இந்த நிழல் இருக்கும்.

ஆர்ட் பேப்பரில் கால்சியம் கார்பனேட், களிமண் போன்ற கனிமப் பூச்சு நார்களுக்கு மேல் ஒரு தளம் அமைத்துவிடுகிறது. மை மேலேயே நிற்கிறது, புள்ளி கூர்மையாக இருக்கிறது. புகைப்படங்களுக்கு இதுதான் சரி. ஆனால் கௌரவத்துக்காக 200 பக்க எழுத்தை ஆர்ட் பேப்பரில் அடிப்பவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும். கண் கூசும், கையும் வலிக்கும்.

காகிதம் வாங்கும்போது சொல்லும் ஜிஎஸ்எம் என்பது தடிமன் அல்ல, ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ4 தாள் சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு என்பதால் 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். அதே ஜிஎஸ்எம்மில் ஆர்ட் பேப்பர் மெல்லிசாகத் தெரிந்தால் யாரும் ஏமாற்றவில்லை. பூச்சுக் கனிமம் கனமானது, தாளும் அழுத்தித் தேய்க்கப்பட்டது.

மைக்கும் ஒரு வரம்பு உண்டு. சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக முழுதாகப் போட்டால் 400 சதவீதம். ஆர்ட் பேப்பர் சுமார் 300 வரை தாங்கும், செய்தித்தாள் காகிதம் அதைவிடக் குறைவு. மீறினால் மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். இதைத் தடுக்கத்தான் தாள்களுக்கிடையே மாவுப் பொடி தூவுகிறார்கள். புது அட்டையைத் தடவும்போது விரலில் நரநரவென்று படுவது பெரும்பாலும் அதுதான். சின்ன எழுத்துகளுக்குக் கருப்பு மை ஒன்றே போதும். நான்கையும் கலந்தால், ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாக உள்ள அச்சுத் தகட்டில் (பிளேட்) ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்கு வண்ண விளிம்பு முளைக்கும்.

வெட்டும்போது கத்தியும் மயிரிழை நகரும், அதனால் பின்னணியை ஓரத்துக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டி வையுங்கள்.

அப்புறம் நார்களின் திசை. காகிதம் செய்யும்போது கூழ் ஓடும் திசையிலேயே நார்கள் படுத்துக்கொள்கின்றன. ஒரு செய்தித்தாளை மேலிருந்து கீழாகவும், பிறகு குறுக்காகவும் கிழித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஸ்கேல் வைத்தது போல நேராகப் போகும், மறுபக்கம் கோணல்மாணலாக இழுக்கும். நேராகக் கிழிவதுதான் நாரின் திசை. அட்டையை அதே திசையில் மடித்தால் வழவழப்பாக மடியும். குறுக்கே மடித்தால் நார்கள் ஒடிந்து, அடர் நிறத்துக்கு நடுவே வெள்ளைக் கோடு வெடிக்கும். கனமான அட்டைக்கு முன்கூட்டியே கிரீசிங், அதாவது அழுத்தி மடிப்புக் கோடு, போடுவது இதற்காகத்தான்.

கடைசியில் லேமினேஷன், அதாவது அட்டைமேல் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். மேட் (பளபளப்பில்லாத படலம்) ஒட்டிய கருப்பு சாம்பல் பூத்தது போலத் தெரிவது ஏன்? சொரசொரப்பான பரப்பு வெள்ளை ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கிறது, அதில் கொஞ்சம் எப்போதும் கண்ணில் விழுந்துகொண்டே இருக்கிறது. பளபளப்பான பரப்பு அதே ஒளியை ஒரே பக்கமாகத் திருப்பி அனுப்பிவிடுவதால், சற்றுச் சாய்த்துப் பிடித்தால் போதும், கருப்பு கருப்பாகவே இருக்கும். நனைந்த கருங்கல் காய்ந்த கல்லைவிடக் கறுத்துத் தெரிவதும் இந்தச் சங்கதிதான். மேட் கையில் எடுக்க இதமாக இருக்கும், ஆனால் அடர் நிறத்தின்மேல் விரல் ரேகையும் கீறலும் அப்படியே தெரியும்.

அந்தக் கையேட்டின் இரண்டாம் பதிப்புக்கு மெஜந்தாவைக் குறைத்தேன், அதே காகிதத்தில் அதே லேமினேஷனோடு மாதிரி கேட்டு வாங்கினேன். ஜன்னலோரம் வைத்துப் பார்த்ததை மெஷின்காரர் பிடுங்கி, நிறம் பார்ப்பதற்கென்றே வைத்திருக்கும் 5000 கெல்வின் வெள்ளை விளக்குக்கு அடியில் வைத்தார். இந்தக் காகிதத்தில் வெளுப்பூட்டி இருக்கிறது, வெயிலின் புற ஊதாவை வாங்கி நீலமாக உமிழும், ஜன்னலை நம்பாதீர்கள் என்றார். விளக்கடியில் அது நீலம்தான். திரையில் இருந்த நீலம் அல்ல.