ஆயிரம் முள், ஆயிரம் நுனி: தூண்டில் கூடைக்குள் நடக்கும் அறிவியல்

ஆயிரங்கால் தூண்டிலைக் கடலில் இறக்கும்போது படகு நிற்பதில்லை. அது முன்னே ஓட ஓட, தாய்க்கயிறு கூடையிலிருந்து தானாக உருவிக்கொண்டு பின்னால் போகும். தாய்க்கயிற்றில் வரிசையாகக் கட்டிய கிளைக்கயிறுகளும் அவற்றின் முனையில் இரை குத்திய முட்களும் ஒவ்வொன்றாகத் தொடரும். அந்த ஓட்டத்தில் இரண்டு கிளைகள் மாட்டிக்கொண்டால் நின்று சிக்கெடுக்க நேரம் இருக்காது. முள் கையில் ஏறினால் ஆளையே கடலுக்குள் இழுத்துவிடும். கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் சுறாவுக்கும் சூரைக்கும் ஆழ்கடலில் தூண்டில் போடுவதில் பேர்பெற்றவர்கள். அந்தத் தொழிலில் பாதி, முள் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே கூடைக்குள் முடிந்துவிடுகிறது என்பேன்.

சாதாரணமாகப் போட்டு வைத்த கயிறு ஏன் தானாகவே சிக்கிக்கொள்கிறது? அமெரிக்காவின் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்ற இருவர் 2007இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு கனசதுரப் பெட்டிக்குள் கயிற்றைப் போட்டுப் பெட்டியைச் சுழற்றினார்கள். பிறகு திறந்து முடிச்சு விழுந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். இப்படி 3,415 முறை. சுமார் 46 சென்டிமீட்டருக்குக் குறைவான கயிற்றில் முடிச்சே விழவில்லை. அதற்கு மேல் நீளம் கூடக்கூட வாய்ப்பு வேகமாக ஏறியது; ஒன்றரை மீட்டர் அளவில் ஏறக்குறைய இரண்டு தடவைக்கு ஒரு தடவை என்ற நிலைக்கு வந்து அங்கேயே நின்றது. முடிச்சு விழச் சில நொடிகளே போதுமாக இருந்தன. மொத்தம் 120 வகை முடிச்சுகள் கிடைத்தன.

முடிச்சு விழும் விதத்துக்கு அவர்கள் தந்த விளக்கத்தைத்தான் மீனவர்கள் கவனிக்க வேண்டும். பெட்டிக்குள் கயிறு வளையம் வளையமாகச் சுருண்டு கிடக்கிறது. அதன் நுனி அந்த வளையங்களுக்குப் பக்கத்தில் தளர்வாகக் கிடக்கிறது. பெட்டி ஆடும்போது நுனி ஒரு வளையத்துக்கு மேலே ஏறுகிறது, அடுத்ததற்குக் கீழே நுழைகிறது. இப்படிச் சில தடவை நடந்தாலே முடிச்சு தயார். அதாவது முடிச்சைப் போடுவது நுனி. கயிற்றின் நடுப்பகுதி எவ்வளவு ஆடினாலும், இரண்டு நுனிகளையும் பிடித்து வைத்துவிட்டால் உண்மையான முடிச்சு விழ வழியே இல்லை. வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து குழம்பலாம். இழுத்து உதறினால் அவிழ்ந்துவிடும்.

இப்போது தூண்டில் கூடைக்கு வருவோம். ஒரு சாதாரணக் கயிற்றுக்கு இரண்டு நுனிகள். ஆயிரங்கால் தூண்டிலுக்கோ ஒவ்வொரு கிளையும் ஒரு நுனி. அதுவும் கூர்மையாக, வளைந்து, எதையும் பற்றிக்கொள்ளக் காத்திருக்கும் நுனி. அதனால்தான் கூடையின் விளிம்பில் கயிறோ தக்கையோ சுற்றிக் கட்டி, முட்களை வரிசை மாறாமல் அதில் குத்தி வைக்கிறார்கள். கை காயப்படாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று பார்ப்பவருக்குத் தோன்றும். அதைவிடப் பெரிய பயன், அத்தனை நுனிகளும் ஒரே நேரத்தில் கட்டுப்பட்டுவிடுவது. கயிற்றின் ஒவ்வொரு துண்டும் இரு பக்கமும் பிடிபட்டுக் கிடப்பதால் படகு எவ்வளவு ஆடினாலும் முடிச்சு போட ஆளில்லை. நார்வேயில் இயந்திரத் தூண்டில் கப்பல்களில் முட்களைத் தண்டவாளம் போன்ற கம்பியில் வரிசையாகத் தொங்கவிடுகிறார்கள். முள்ளுக்கும் முள்ளுக்கும் இடையிலுள்ள கயிறு கீழே மாலையாகத் தொங்கும். அங்கும் இதே தத்துவம்தான்.

2017இல் பாக் நீரிணை இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் தூண்டில் படகுகளைக் கொண்டுவரும் அரசுத் திட்டம் தொடங்கியது. இழுவை மடி வலையில் பழகிய கைகள் தூண்டிலுக்கு மாறும்போது, மீன் இருக்குமிடம் தேடுவதைவிட இந்த அடுக்கும் முறைக்கே அதிகப் பயிற்சி தேவை என்பது என் கருத்து.

நுனியைக் கட்டியாயிற்று. இரண்டாவது எதிரி முறுக்கு. கயிற்றைத் தரையில் ஒரே திசையில் வட்டமாகச் சுற்றி வைத்து, பிறகு மேலிருந்து உருவினால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முழு முறுக்கு கயிற்றில் ஏறும். நூறு சுற்று என்றால் நூறு முறுக்கு. கயிறு விறைப்பாக இருக்கும்வரை அது வெளியே தெரியாது. தளர்ந்த அந்த நொடியில் கயிறு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு குட்டிக் குட்டிச் சுருள்களாக எழும். 1959–61இல் ருமேனியக் கணிதவியலாளர் கலுகரானு இதற்கான கணக்கின் அடிப்படையை எழுதினார். 1971இல் ஃபுல்லர் அதை வளர்த்தார். முனைகள் பிடிபட்டிருந்தால், கயிற்றுக்குள் இருக்கும் முறுக்கும் வெளியே தெரியும் சுருளும் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொள்ளும். கூட்டுத்தொகை மட்டும் மாறாது. உயிரணுவுக்குள் டிஎன்ஏ இழை எப்படிச் சுருண்டு அடங்குகிறது என்பதை விளக்கவும் இதே கணக்குதான் பயன்படுகிறது.

இதற்கு மாற்று, எட்டுப் போடுவது. கயிற்றை எட்டு வடிவில் வைத்தால் ஒரு பாதி வலஞ்சுழியாகவும் மறுபாதி இடஞ்சுழியாகவும் வரும். முதல் பாதி ஏற்றும் முறுக்கை அடுத்த பாதி கழித்துவிடும். உருவும்போது கயிறு நேராக வரும். உருளையில் சுற்றி, உருளையையே சுழலவிட்டு எடுத்தாலும் முறுக்கு ஏறாது. உருளையை அசையாமல் வைத்து, அதன் தலைப்பக்கமாக உருவினால் மட்டும்தான் சுற்றுக்கு ஒரு முறுக்கு. கிளைக்கயிற்றில் ஸ்விவல் (தானாகச் சுழலும் இணைப்பு வளையம்) கட்டுவது மீனின் துள்ளலில் ஏறும் முறுக்கைக் கழிக்கத்தான். கூடையில் தவறாகச் சுற்றிய தாய்க்கயிற்றின் முறுக்கை அது கழித்துவிடும் என்று நம்பக்கூடாது.

நைலான் நரம்புக்கு, அதாவது தூண்டில் இழைக்கு, இன்னொரு குணம் உண்டு: சுற்றிய வடிவத்தை மறக்காது. உலர்ந்த நைலான் சுமார் 50 டிகிரி வெப்பத்துக்கு மேல்தான் இளகத் தொடங்கும். தண்ணீர் குடித்த நைலானுக்கு அந்த எல்லை அறை வெப்பத்துக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே ஈர நரம்பைச் சிறிய உருளையில் இறுக்கிச் சுற்றிக் காயவிட்டால், இளகிய நிலையில் வளைந்து, காய்ந்ததும் அந்த வளைவிலேயே இறுகிவிடுகிறது. பெரிய விட்டமுள்ள உருளை, தளர்வான சுற்று, நிழல் ஆகிய மூன்றும் இருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. ஏற்கெனவே வளைந்துபோன நரம்பை வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டு நீட்டிக் கட்டினால் ஓரளவு நிமிரும்.

இனி முள்ளுக்கு வருவோம். மழைக்காலத்தில் சமையலறைக் கல்லுப்பு கசிவதைப் பார்த்திருப்பீர்கள். முள்ளில் காய்ந்த கடல்நீரும் அதையேதான் செய்கிறது. சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நம் கடற்கரையில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது மிக அரிது. எனவே கடல்நீரில் நனைந்து காய்ந்த முள் உண்மையில் காய்வதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் அதன்மேல் எப்போதும் இருக்கும். அந்தப் படலத்தின் வழியே மின்னூட்டம் ஓடுகிறது, குளோரைடு இரும்பின் காப்புப் படலத்தைத் துளைக்கிறது, துரு இறங்குகிறது.

முட்களைப் பெட்டியில் போட்டு மூடியை இறுக்கி மூடினால் தப்பலாமா? பத்து லிட்டர்ப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 32 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று ஒரு கனமீட்டருக்கு ஏறக்குறைய 34 கிராம் நீராவி தாங்கும். 24 டிகிரியில் 22 கிராம்தான். இரவில் பெட்டி குளிர்ந்தால் மீதி 12 கிராம் கணக்கில், பத்து லிட்டருக்கு 0.12 கிராம், அதாவது இரண்டு மூன்று துளி, முட்களின்மேல் பனியாகப் படியும். துருப்பிடிக்க அது தாராளம். வெயிலில் பெட்டி 50 டிகிரிக்குச் சூடானால் உள்ளிருக்கும் காற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு விரிந்து வெளியேறும். இரவில் அதே அளவு ஈரக்காற்றை உள்ளிழுக்கும். பெட்டி மூச்சு விடுகிறது. சிலிக்கா ஜெல் பொட்டலம் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஈரத்தை உறிஞ்சும். பத்துக் கிராம் பொட்டலம் பல வாரம் இந்த மூச்சைச் சமாளிக்கும். ஆனால் கடலில் நனைந்த ஒரு பிடி முட்களையோ ஒரு ஈரத் துணியையோ உள்ளே போட்டால் அன்றைக்கே அதன் வேலை முடிந்தது.

ஆகவே நான் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: கடல்நீர் பட்ட முள்ளும் படாத முள்ளும் ஒரே பெட்டியில் படுக்கக்கூடாது. பட்டவற்றுக்குத் திறந்த வாளியோ வலைப்பையோ போதும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காற்றாட உலர்த்திய பிறகே அவை பெட்டிக்குத் திரும்ப வேண்டும். வெறுமனே துடைப்பது உதவாது. உப்பு கரைந்து போனால்தான் ஈரம் இழுப்பது நிற்கும். பித்தளை ஸ்விவல்களையும் இரும்பு முட்களையும் தனித்தனி அறையில் வையுங்கள். ஈரப் படலத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டால் ஒரு சிறு மின்கலம் உருவாகும். அதில் கரைவது எப்போதும் இரும்புதான்.

ரப்பர் போல நெளியும் செயற்கை இரைகளை வைத்திருப்பவர்கள் பெட்டியின் பிளாஸ்டிக்கையும் பார்த்து வாங்க வேண்டும். அந்த இரைகளை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் பாலிஸ்டைரீன் பெட்டிக்குள் ஊறி, இரையும் பெட்டியும் சேர்ந்து உருகி ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் பெட்டிகளுக்கு அந்தச் சேதம் இல்லை.

ஈயக்குண்டுகளுக்கு இடம் படகின் அடித்தளம், நடுப்பகுதி. எடை மேலே ஏறினால் படகு சாய்ந்த பின் நிமிரத் தயங்கும். எடை உருளாமல் கட்டியும் வைக்க வேண்டும். இரும்பு முள் கட்டுகளையும் கத்திகளையும் திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஜிபிஎஸ் இருக்கும் நாளில் இது பெரிதாகத் தெரியாது. பேட்டரி தீர்ந்த இரவில், இரும்பு இழுத்து ஊசி ஒரு டிகிரி விலகினாலே 60 கடல் மைல் ஓடி முடிக்கையில் கரை ஒரு கடல் மைல் தள்ளி இருக்கும்.