பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்றால் பழுது என்று அர்த்தமில்லை

பிரிண்ட் வரவில்லை என்றதும் பலர் முதலில் செய்வது, பிரிண்ட் பட்டனை மறுபடி அழுத்துவது. அப்புறம் இன்னொரு முறை. பிரிண்டரை அணைத்துப் போட்டுவிட்டு மேலும் ஒரு முறை. அழுத்தியதெல்லாம் கணினியில் வரிசையாகக் காத்துக்கொண்டிருக்கும். இணைப்பு திரும்பியதும் ஒரே படிவம் அடுத்தடுத்து வந்து விழுந்து தட்டில் இருக்கும் தாளையெல்லாம் தீர்த்துவிடும். அடுத்த கட்டமாக டிரைவரை, அதாவது பிரிண்டரோடு கணினி பேச உதவும் மென்பொருளை, நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார்கள். அதுவும் பலிக்காவிட்டால் இணையத்தில் ‘பிரிண்டர் உதவி எண்’ என்று தேடுவார்கள். கணினியும் நெட்வொர்க்கும் சரிபார்ப்பது என் தொழில். அந்தக் கடைசிக் கட்டத்தில் பணத்தையும் விட்டுவிட்டு என்னைக் கூப்பிடுகிறவர்கள் இருப்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

வைஃபையில் அச்சடிக்க பிரிண்டர், ரவுட்டர், கணினி மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். கோளாறு எதில் என்று தெரிவதற்கு முன்னால் எதையும் நீக்காதீர்கள், எதையும் ரீசெட் செய்யாதீர்கள். முதலில் ஒரு தாளைக் கண்ணாடியில் வைத்து நகல் எடுங்கள். ஸ்கேனர் இல்லாத மாடலாக இருந்தால் அதன் மெனுவிலிருந்தே சோதனைப் பக்கம் எடுக்கலாம். அது வந்துவிட்டால் மை, தாள், இயந்திரம் எல்லாம் சரி. வராவிட்டால் பிரிண்டரின் சின்னத் திரையில் காரணம் எழுதியிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. கலர் மை தீர்ந்துபோனால் கறுப்பில்கூட அச்சடிக்க மறுக்கும் மாடல்கள் உண்டு.

அடுத்து, அதே வைஃபையில் இருக்கும் போனிலிருந்து ஒரு பக்கம் அனுப்பிப் பாருங்கள். ஐபோனில் 2010இல் ‘ஏர்பிரிண்ட்’ என்ற நேரடி அச்சு வசதி வந்தது. ஆண்ட்ராய்டிலும் இப்போது அதேபோன்ற வசதி இருக்கிறது. அதனால் இன்றைய பிரிண்டர்கள் பலவற்றில் போனுக்குத் தனி டிரைவர் தேவையில்லை. போனிலிருந்து அச்சாகிறது, கணினியிலிருந்து ஆகவில்லை என்றால் ரவுட்டரும் பிரிண்டரும் தப்பித்தன. கணினியை மட்டும் பார்த்தால் போதும்.

கணினிப் பக்கம் நான் அதிகம் பார்ப்பது முகவரிக் குழப்பம். வீட்டு நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ரவுட்டர் ஓர் ஐபி முகவரி, அதாவது அடையாள எண், தருகிறது. அது நிரந்தரமானதல்ல, ஒரு கால அளவுக்குத்தான். மின்சாரம் போய் வந்தாலோ ரவுட்டரை மாற்றினாலோ, நேற்று 192.168.1.23 ஆக இருந்த பிரிண்டர் இன்று 192.168.1.31 ஆக இருக்கலாம். கணினியோ வீடு மாறிப் போனவரின் பழைய கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். பதில் வராததால் ‘ஆஃப்லைன்’ என்று காட்டும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. பிரிண்டரின் மெனுவில் நெட்வொர்க் பகுதிக்குப் போனால் இப்போதைய முகவரி தெரியும். அதைக் கணினியின் பிரவுசரில் தட்டுங்கள். பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறந்தால் வழி சரியாக இருக்கிறது. விண்டோஸ் பிடித்து வைத்திருக்கும் முகவரிதான் தவறு. பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் ‘போர்ட்ஸ்’ பகுதியில் அந்தப் பழைய முகவரியைப் பார்க்கலாம். புதிய முகவரியைக் கொடுத்து ஒரு போர்ட் (பிரிண்டருக்கு அனுப்பும் வழி) சேர்த்துவிட்டால் வேலை நடக்கும். ஆனால் அத்தோடு விட்டால் இன்னொரு நாள் இதே கதைதான். ரவுட்டரின் அமைப்புகளில் அந்தப் பிரிண்டருக்கென ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள். பிரிண்டரிலேயே முகவரியைக் கையால் எழுதி வைக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. ரவுட்டருக்குச் சொல்லாமல் செய்தால் அதே எண்ணை அது வேறு சாதனத்துக்குக் கொடுத்துவிடக்கூடும்.

முகவரி 169.254 என்று தொடங்கினால், பிரிண்டருக்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். ரவுட்டரை மாற்றியபின் பிரச்சினை தொடங்கியிருந்தால், வீட்டு பிரிண்டர்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும் என்பதை நினைவில் வையுங்கள். ரவுட்டரில் வைஃபை பாதுகாப்பு முறையை புதிய டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தாலும் பழைய பிரிண்டர் உள்ளே வராது. கணினி விருந்தினருக்கான ‘கெஸ்ட்’ வைஃபையில் இருந்தாலோ, அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலோ, பக்கத்து மேசையில் இருக்கும் பிரிண்டர்கூட அதற்குத் தெரியாமல் போகலாம். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் விபிஎன்னைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எல்லாம் சரி, வரிசையில் ஒரு கோப்பு மட்டும் ‘டிலீட்டிங்’ என்றே நிற்கிறதா? விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில், அச்சு வேலைகளை வரிசையில் வைக்கும் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ சேவையை நிறுத்துங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற கோப்புறை இருக்கும். அந்தக் கடைசிக் கோப்புறைக்குள் இருக்கும் கோப்புகளை மட்டும் அழித்துவிட்டு, சேவையை மறுபடி தொடங்குங்கள். பெயருக்குப் பின்னால் ‘காப்பி 1’ என்று ஒட்டிக்கொண்டு இரண்டாவது பிரிண்டர் பட்டியலில் இருந்தால், நீங்கள் செத்துப்போன பழைய இணைப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம். அதையும் பார்த்துவிடுங்கள்.

பிரிண்ட் வருவதற்காக விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தச் சொல்லும் ஆலோசனைகள் இணையத்தில் கிடைக்கும். கேட்காதீர்கள். 2021இல் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற பெயரில் வெளிவந்த பாதுகாப்பு ஓட்டை இருந்ததே இந்த ஸ்பூலரில்தான். கணினியின் முழுக் கட்டுப்பாட்டையும் வெளியாள் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அது மோசமானது. அதை அடைத்தது அப்டேட்தான்.

இனி அந்த உதவி எண் விவகாரம். தேடலில் மேலே வரும் விளம்பரத்தில் பிரிண்டர் நிறுவனத்தின் பெயரும் படமும் இருக்கலாம். நிறுவனத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம். இன்னொரு வகை, போலி டிரைவர் பக்கம். மாடல் எண்ணைக் கேட்கும், பதிவிறக்கம் ஓடுவதுபோல் காட்டும், எப்போதும் ஒரு பிழைச் செய்தியில் போய் முடியும். கீழே அழைக்க வேண்டிய எண் தயாராக இருக்கும். அழைத்தால், தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருளை நிறுவச் சொல்வார்கள். அப்புறம் கணினியில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் விண்டோஸின் ‘ஈவென்ட் வியூவர்’ திறக்கப்படும். நன்றாக ஓடும் கணினியிலும் அதில் சிவப்புப் பிழைகள் இருக்கத்தான் செய்யும். அவற்றைக் காட்டி ‘உங்கள் நெட்வொர்க்கை ஹேக் செய்துவிட்டார்கள், அதனால்தான் பிரிண்ட் வரவில்லை’ என்பார்கள். வைரஸ் பயத்தில் இருப்பவரிடம் கட்டணம் வாங்குவது பெரிய காரியமில்லை. உதவி எண் வேண்டுமென்றால் பிரிண்டரோடு வந்த கையேட்டில் பாருங்கள், அல்லது நிறுவனத்தின் இணைய முகவரியை நீங்களே தட்டிப் போங்கள்.

ஏற்கெனவே அனுமதி கொடுத்துவிட்டீர்களா? உடனே கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள். கார்டு எண்ணையோ வங்கி விவரத்தையோ சொல்லியிருந்தால் முதல் அழைப்பு வங்கிக்குப் போகட்டும். மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். அவர்கள் நிறுவிய மென்பொருளை நீக்குவதோடு நிற்காமல், முக்கியக் கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸையே புதிதாக நிறுவச் சொல்வேன். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று சில நாள் கழித்து யாராவது அழைத்தால், அதுவும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.