மாடியில் சூரிய மின்சாரம்: 78,000 ரூபாய் மானியம் யாருக்கு, எப்படி?

மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய 'பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம்' 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 2026-27 நிதியாண்டுக்குள் ஒரு கோடி வீடுகளின் கூரையில் சோலார் பேனல் அமைப்பதை இலக்காகக் கொண்டது. பெயரில் உள்ள 'இலவசம்' என்ற சொல்லைப் பார்த்து, மாதம் 300 யூனிட் மின்சாரத்தை அரசே விலையின்றி வழங்கும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அரசு தருவது, பேனல் பொருத்தும் செலவில் ஒரு பங்கு மட்டுமே. மின்சாரம் நம் மொட்டை மாடியிலேதான் விளைய வேண்டும்.

மானியக் கணக்கு எளிமையானது. பேனலின் உற்பத்தித் திறனில் முதல் இரண்டு கிலோவாட்டுக்கு, கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், ஆக மொத்தம் 78,000 ரூபாய். அதற்குமேல் ஐந்து கிலோவாட் பொருத்தினாலும் மானியம் 78,000-ஐத் தாண்டாது. இந்தியாவில் தயாரான செல்களை (வெளிச்சத்தை மின்சாரமாக்கும் சில்லுகளை)க் கொண்ட பேனல்களுக்கே இது கிடைக்கும் என்பதால், விலைப்பட்டியல் வாங்கும்போதே அதை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. பணம் முன்கூட்டி வராது. அமைப்பு இயங்கத் தொடங்கிய பிறகே வங்கிக் கணக்கில் சேரும். மூன்று கிலோவாட் வரையிலான அமைப்புகளுக்குப் பிணையில்லாத வங்கிக் கடனும் உண்டு.

பேனலில் உள்ள சிலிக்கன் செல்கள் மீது வெளிச்சம் விழும்போது அவற்றின் எலக்ட்ரான்கள் நகர்ந்து நேர் மின்னோட்டம் உண்டாகிறது. இன்வெர்ட்டர் அதை வீட்டுக்கு ஏற்ற மாறு மின்னோட்டமாக ஆக்குகிறது. நல்ல வெயில் உள்ள இடத்தில் ஒரு கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அதற்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழலற்ற இடம் தேவை. பகலில் மிஞ்சும் மின்சாரம் மின்கம்பிக்குள் செல்ல, இரவில் அங்கிருந்தே திரும்ப எடுத்துக்கொள்கிறோம். போனதையும் வந்ததையும் இருவழி மீட்டர் பதிவு செய்கிறது. சென்றதைக் கழித்து மீதிக்கே பில் வரும்.

எத்தனை கிலோவாட் வேண்டும் என்பதைப் பழைய பில்களே சொல்லிவிடும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு குறிப்பிட்ட அளவு மின்சாரம் ஏற்கெனவே விலையில்லாமல் கிடைப்பதால், அந்த அளவுக்குள் வாழும் குடும்பத்துக்கு இத்திட்டத்தால் பெரிய பயனில்லை. பயன் கூடுதலாகத் தெரிவது இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளில்தான். அந்த எல்லையைக் கடந்தால் கடைசி யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடுகிறது. இரண்டு மாதத்தில் 650 யூனிட் செலவழிக்கும் வீட்டில் இரண்டு கிலோவாட் அமைப்பு ஏறக்குறைய 480 யூனிட் தந்தால், மீட்டரில் நிற்பது 170 யூனிட் மட்டுமே. 60,000 ரூபாய் மானியமும் கிடைக்கும். விற்பனையாளர் சொல்லும் பெரிய அளவைவிட இந்தக் கழித்தல் கணக்கையே நான் நம்புவேன்.

இடத்தைத் தேர்வதில் அவசரம் வேண்டாம். பேனலில் செல்கள் ஒன்றையடுத்து ஒன்றாக இணைக்கப்பட்டிருப்பதால், தண்ணீர்த் தொட்டியின் நிழலோ பக்கத்து வீட்டுத் தென்னை மட்டையின் நிழலோ ஒரு மூலையில் விழுந்தாலும் நிழல்பட்ட பகுதியைவிட அதிகமான உற்பத்தி குறையும். காலை ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மாலை மூன்று மணிக்கும் மாடியில் ஏறி நிழல் எங்கே நிற்கிறது என்று சுண்ணாம்புக் கோடு போட்டுப் பாருங்கள். நம் ஊரில் பேனல் தெற்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருப்பது ஏற்றது.

பேட்டரி இல்லாத அமைப்பு, மின்வெட்டின்போது கொளுத்தும் வெயிலிலும் நின்றுவிடும் என்பதைப் பலர் பொருத்திய பிறகே அறிகிறார்கள். இது பழுதன்று. கம்பியில் வேலை செய்யும் மின் ஊழியரின் உடலில் நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானே அணைந்துகொள்கிறது.

சொந்தக் கூரையும் மின் இணைப்பும் இருந்து, சோலாருக்கு முன்பு வேறு மானியம் பெறாதவர்கள், திட்டத்தின் தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொண்டு விண்ணப்பிக்கலாம். பத்து கிலோவாட் வரை தனியாகத் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை. பதிவுபெற்ற நிறுவனம் பேனலைப் பொருத்தியபின் மின்வாரியம் இருவழி மீட்டர் வைத்து, சரிபார்த்து, சான்று பதிவேற்றும். அதன்பின் வங்கி விவரம் தந்தால் வழக்கமாக 30 நாட்களுக்குள் மானியம் வரும். இணைப்பு இன்னும் மறைந்த தந்தையின் பெயரிலேயே இருந்தால், விண்ணப்பத்துக்கு முன்பே மின்வாரியத்தில் பெயர் மாற்றத்தை முடித்துக்கொள்ளுங்கள். பில்லில் ஒரு பெயரும் வங்கிக் கணக்கில் வேறு பெயருமாக இருந்தால் மானியம் நின்றுபோகும்.