ஆயத்தப் பொதியா, மூலநிரலா?

லினக்ஸ் கணினியில் மென்பொருளை, பிறர் முன்பே இயங்கும் வடிவில் தயாரித்து வழங்கும் ஆயத்தப் பொதியாக நிறுவுவது நல்லதா, மனிதர் எழுதிய மூலநிரலிலிருந்து தாமே கம்பைல் செய்துகொள்வது, அதாவது கணினி இயக்கும் கோப்பாக மாற்றிக்கொள்வது, பாதுகாப்பானதா என்று தெம்பனிசில் வசிக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்.

தம் கணினியின் செயலிக்கேற்பக் கம்பைல் செய்து வேகத்தைக் கூட்ட வேண்டிய தேவை இன்று குறைவு. ஓடும் கணினியின் செயலி எதுவெனப் பார்த்து, அதற்கேற்ற நிரல்பகுதியை அப்போதே தேர்ந்தெடுக்கும் வசதி ஜிலிப்சி போன்ற நூலகங்களில் (பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல்தொகுப்புகளில்) உண்டு. குரோமியம் உலாவியை ஒரு வீவக வீட்டு அறையில் மணிக்கணக்கில் கம்பைல் செய்தால் மின்கட்டணமும் அறையின் வெப்பமும்தான் ஏறும். மூலநிரல் வழியையே மரபாகக் கொண்ட ஜென்டூ என்ற லினக்ஸ் வழங்கல்கூட 2023 டிசம்பரில் ஆயத்தப் பொதிகளைப் பரவலாக வழங்கத் தொடங்கியது.

எஞ்சியிருப்பது நம்பிக்கை பற்றிய கேள்வி: நமக்கு வரும் பொதி, வெளியிடப்பட்ட மூலநிரலிலிருந்துதான் உருவானதா? இதற்கான விடையே என்னை மிகவும் கவர்ந்தது. ஒரே மூலநிரலை இருவர் கம்பைல் செய்தாலும் கிடைக்கும் கோப்புகள் பெரும்பாலும் ஒத்திருப்பதில்லை. கம்பைல் செய்த நேரம், கோப்புறையின் பாதை, கோப்புகள் படிக்கப்பட்ட வரிசை ஆகியவை பொதிக்குள் பதிந்துவிடுகின்றன. ஒரு பிட் மாறினாலும், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எஸ்எச்ஏ-256 கைரேகை முற்றிலும் வேறாகிவிடும். ஆகவே, சோர்ஸ்_டேட்_ஈப்பாக் என்னும் சூழல் மாறியில் (கம்பைல் கருவிகள் படிக்கும் அமைப்பு மதிப்பில்) ஒரு நிலையான நேரத்தைக் கொடுத்து, கோப்புகளை வரிசைப்படுத்தி, பாதையையும் நீக்கிவிட்டால், அதே கம்பைலர், நூலகப் பதிப்புகளுடன் யார் எங்கே கம்பைல் செய்தாலும் பிட்டுக்குப் பிட் அதே பொதி கிடைக்கும். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் 2013 முதல் இதற்காக உழைத்துவருகிறது. தொடர்பில்லாத சிலர் தனித்தனியே கம்பைல் செய்து ஒரே கைரேகையைப் பெற்றால், மற்ற அனைவரும் அந்த ஆயத்தப் பொதியைத் தயக்கமின்றி நிறுவலாம்.

மூலநிரலே கெட்டிருந்தால் இந்த ஒப்பீடு உதவாது என்பதும் உண்மை. 2024 மார்ச்சில் அம்பலமான எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நூலகத்தின் பின்கதவை (பிறர் இரகசியமாக நுழைய ஒளித்துவைத்த வழியை) தூண்டிய வரிகள், வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தன; மூலநிரல் மாற்றங்கள் பதிவாகும் கிட் களஞ்சியத்தில் இல்லை. அந்தத் தொகுப்பைப் படிக்காமல் கம்பைல் செய்பவருக்கு மூலநிரல் என்ற பெயர் பாதுகாப்பு ஆகாது. உலகமே சார்ந்திருக்கும் அந்த நூலகத்தைப் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஒரே தன்னார்வலர் பராமரித்துவந்தார். இத்தகைய பராமரிப்புக்கும் ஆய்வு நிதி ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எனவே ஆயத்தப் பொதியே இயல்புத் தேர்வாக இருக்கட்டும். ஒரு வசதியைச் சேர்க்கவோ நீக்கவோ, பிழைதிருத்தம் ஒன்றைச் சோதிக்கவோ வேண்டியபோது அந்த ஒரு பொதியை மட்டும் கம்பைல் செய்யலாம். அந்த மாணவர் விரும்பினால், டெபியனின் சிறிய பொதி ஒன்றை எடுத்து, அதன் பில்ட்இன்ஃபோ கோப்பில் குறித்துள்ள அதே கம்பைலர், நூலகப் பதிப்புகளுடன் கம்பைல் செய்து, கைரேகைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.